பீடாதிபதியை யார் தெரிவு செய்கிறார்கள்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பெற்றோர் எங்களைத் தேடி வருவது வழமை. "சேர், இந்த இசட் புள்ளிக்கு என்ன கிடைக்கும்?" "டீச்சர், ஒலுவிலா, யாழ்ப்பாணமா, பேராதனையா, எது நல்லது?" "பொம்பளப் புள்ள, ஹொஸ்டல் கட்டாயம் குடுப்பாங்களா?" ஹட்டனில் பஸ் ஏறினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்பது வரைக்கும் கேட்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை போய்ச் சேரும் அந்தப் பீடத்தை நடத்துகிறவர் யார்? அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்?

உபவேந்தர் நியமனம் என்றால் முகநூல் நிறையும். வாழ்த்துச் சுவரொட்டி, பொன்னாடைப் படம், "எமது மண்ணின் மைந்தர்" என்று தலைப்பு. பீடாதிபதி தெரிவு நடந்தால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு சத்தமும் இருக்காது. ஆனால் பல்கலைக்கழகம் போன எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். உபவேந்தரை ஆரம்ப நாளில் ஒரு தடவை, பட்டமளிப்பில் ஒரு தடவை பார்த்திருப்பார்கள். பரீட்சைக்குப் போக முடியாமல் காய்ச்சலில் கிடந்தால் மருத்துவச் சான்றிதழ் போவது பீடத்துக்கு. பாடத்தெரிவு, நேரசூசி, எந்த மொழியில் விரிவுரை, விரிவுரையாளர் இல்லாத பாடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பதா இல்லையா, எல்லாம் பேசப்படுவது பீடச்சபையில். அதற்குத் தலைமை தாங்குகிறவர் பீடாதிபதி.

எங்களிடம் படித்துப் போன சில பிள்ளைகள் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் முழுக்க இங்கிலிஷில் மட்டும் குறிப்பு வாங்கி, ஒன்றும் விளங்காமல் வீட்டுக்கு வந்து அழுதார்கள். மாணவர் பக்கத்திலிருந்து கடிதம் கொடுத்தார்கள், பதில் இல்லை. அடுத்த வருடம் வேறொருவர் பீடாதிபதியாகத் தெரிவானார். அவர் வந்து ஒரு மாதத்துக்குள் பின்னேரத்தில் ஆங்கில வகுப்பு ஒன்று தொடங்கியது, தமிழில் விளக்கம் சொல்ல ஒருவரையும் போட்டார்கள். அதே கட்டிடம், அதே சட்டம், அதே பணம். மாறியது ஒரு ஆள்.

சரி, அந்த ஆளை யார் கொண்டுவருவது?

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இதற்கு ஒரு வழியை வகுத்தது. உபவேந்தருக்கு ஒரு வழி, பீடாதிபதிக்கு வேறு வழி. உபவேந்தர் பதவிக்கு விண்ணப்பம் கோருவார்கள். பேரவை மூன்று பேரைச் சிபாரிசு செய்யும். அந்தப் பெயர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போய், அங்கிருந்து ஜனாதிபதியிடம் போகும். ஜனாதிபதி மூவரில் ஒருவரை நியமிப்பார். முதலாவதாக வந்தவரைத்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நம் பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஜமாஅத் கூடிப் பெயர் கொடுக்கும், நியமனக் கடிதம் வக்பு சபையிடமிருந்து வரும். 1956ஆம் ஆண்டு வக்பு சட்டம் வந்த நாளிலிருந்து இதுதான் கதை. கீழே கை தூக்குவது ஒரு கூட்டம், மேலே கையெழுத்து வைப்பது வேறொரு சபை. இடையில் யார் கொழும்புக்குப் போய் யாரைச் சந்தித்தார் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. கோயில் பரிபாலன சபையில் இருக்கும் எங்கள் நண்பர்களும் இதைக் கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

பீடாதிபதி விசயத்தில் ஜனாதிபதியும் இல்லை, ஆணைக்குழுவும் இல்லை. பீடச்சபையே வாக்களித்துத் தெரிவு செய்யும். அந்தச் சபையில் அந்தப் பீடத்தின் நிரந்தரப் பேராசிரியர்கள், விரிவுரையாளர்கள் எல்லோரும் இருப்பார்கள். மாணவர் பிரதிநிதிகள் இரண்டு பேர், வெளியிலிருந்து எடுக்கப்பட்ட மூன்று பேர் என்றும் சட்டத்தில் இடம் உண்டு. பதவிக்காலம் மூன்று வருடம். மறுபடியும் தெரிவாகலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாடசாலையில் இப்படி ஒரு முறை வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருநாள் பேசிப் பார்த்தோம். அதிபரை ஆசிரியர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வது! இன்டர்வலுக்குள் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரோடு பேச மாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தோம்.

ஆனால் அந்தத் தேர்தலுக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. 1978 சட்டம் வகுத்தபடி பீடாதிபதியாகத் தெரிவு செய்யப்படக்கூடியவர்கள் அந்தப் பீடத்தின் துறைத்தலைவர்கள் மட்டும். பீடத்தில் ஐந்து துறை இருந்தால் ஐந்து பேர்தான் தகுதியானவர்கள். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் "எனக்கு வேண்டாம், ஆராய்ச்சி கெட்டுப்போகும்" என்று ஒதுங்கினால் மிச்சம் மூன்று. சரி, துறைத்தலைவர் எப்படி வருகிறார்? அதற்குத் தேர்தல் இல்லை. உபவேந்தர் சிபாரிசு செய்ய, பேரவை நியமிக்கும். ஆகவே வாக்குப் பெட்டி பீடத்திடம், வேட்பாளர் பட்டியல் மேலிடத்திடம். உபவேந்தர் நல்லவராக இருந்தால் பிரச்சினை இல்லை. அவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று இருந்தால், பீடாதிபதித் தேர்தல் நடப்பதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே அதில் பாதி முடிந்திருக்கும்.

துறைத்தலைவராக இல்லாத மூத்தவர்களுக்கும் போட்டியிட இடம் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

உமர் (ரழி) அவர்கள் தமக்குப் பின் கலீபாவைத் தெரிவு செய்ய ஆறு பேரை நியமித்த வரலாறு நம் பிள்ளைகளுக்கு இஸ்லாம் பாடத்தில் வரும். மூன்று நாள் தவணை. மகன் அப்துல்லாஹ் ஆலோசனையில் இருக்கலாம், ஆனால் அவரைத் தெரிவு செய்யக்கூடாது என்று நிபந்தனை. தெரிவு செய்கிறவர்களும் தெரிவு செய்யப்படக்கூடியவர்களும் அதே ஆறு பேர். பட்டியலை யார் போடுகிறார் என்பதும், போடுகிறவருக்கு அதில் சொந்த லாபம் இருக்கிறதா என்பதும் எவ்வளவு பெரிய விசயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பதவியைக் கேட்டு வருகிறவருக்கு அதைக் கொடுக்காதிருப்பது நபிவழி என்றும் படிப்பிக்கிறோம். அதை அப்படியே பிடித்தால் இன்று எந்தப் பீடத்துக்கும் பீடாதிபதி கிடைக்கமாட்டார், அது வேறு கதை.

பேரவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் உபவேந்தர், பீடாதிபதிகள் என்று உள்ளே இருப்பவர்கள் ஒரு பக்கம். ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிக்கும் உறுப்பினர்கள் மறுபக்கம். வெளியாட்களின் எண்ணிக்கை உள்ளாட்களைவிட ஒன்று கூட இருக்க வேண்டும். மானியங்கள் ஆணைக்குழுவில் ஏழு பேர், ஏழு பேரையும் நியமிப்பவர் ஜனாதிபதி. நாட்டில் ஆட்சி மாறினால் ஒரு பீடத்தின் துறைத்தலைவர் வரைக்கும் அதன் ஆட்டம் போய்ச் சேரும் வழி இதுதான். மேல் மலையில் மழை பெய்தால் கீழே ஓடையில் தண்ணீர் கலங்குகிறது, நமக்குத் தெரியாததா.

மேலிருந்து வருகிற நியமனம் எல்லாம் கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் ஒரே பல்கலைக்கழகமாக்கி, ஒவ்வொன்றையும் வளாகம் என்றார்கள். 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறந்தபோது அதன் முதல் தலைவராகப் போனவர் பேராசிரியர் க. கைலாசபதி. வயது 41. தேர்தலில் வந்தவர் அல்ல, அரசாங்கம் போட்டவர். கம்பளை ஸாஹிராவில் அதிபராக இருந்த பதியுதீன் மஹ்மூத் அப்போது கல்வி அமைச்சர். தரப்படுத்தலை நினைத்து அவர்மேல் கோபம் உள்ளவர்களும், முஸ்லிம் பாடசாலைகளை நினைத்து நன்றி சொல்கிறவர்களும் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை. கைலாசபதியின் நியமனம் நல்ல நியமனம் என்பதை அவரோடு ஒத்துப்போகாதவர்களும் பிறகு சொன்னார்கள். ஆனால் ஒரு நல்ல மனிதர் கிடைத்தார் என்பதற்காக அந்த முறை நல்லது என்று ஆகிவிடாது. அடுத்த தடவை அதே கதவு வழியாக யாரும் வரலாம்.

பொறியியல் பேராசிரியர் அ. துரைராஜாவை நினைத்துப் பாருங்கள். பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாக இருந்த தமிழர். பிறகு 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகி, யுத்தத்துக்கு நடுவில் அதை நடத்தி, 1994இல் காலமானார். சிங்களவர்கள் அதிகமாக இருந்த ஒரு பீடத்தில் தமிழர் ஒருவர் பீடாதிபதி நாற்காலியில் இருந்தார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள்.

அந்த நாற்காலிக்காக உயிரைப் பணயம் வைத்த காலமும் இருந்தது. 2006 மார்ச்சில் யாழ்ப்பாண உபவேந்தராக பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூலை ஜனாதிபதி நியமித்தார். மிரட்டல் வந்தது, அவரால் பதவியில் போய் உட்காரவே முடியவில்லை. அதே வருடம் செப்டம்பர் கடைசியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடாதிபதி கலாநிதி பாலசுகுமார் கடத்தப்பட்டார். கடத்தியவர்கள் கேட்டது பணம் இல்லை. உபவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் பதவி விலக வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அவர் இராஜினாமாக் கடிதம் கொடுத்தார், பீடாதிபதி விடுதலையானார். ஆனால் டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பில் வைத்து ரவீந்திரநாத் காணாமல் போனார். இன்றுவரை திரும்பவில்லை. யார் தலைமையில் இருக்க வேண்டும் என்பதைப் பீடச்சபையும் பேரவையும் அல்லாமல் துப்பாக்கி தீர்மானித்த வருடம் அது. இப்போது துப்பாக்கி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் 2019இல் யாழ்ப்பாண உபவேந்தர் தவணை முடியுமுன்பே ஜனாதிபதியால் நீக்கப்பட்டதைப் பார்த்தோம். ஒரு கையெழுத்துப் போதும்.

இந்தப் பிரச்சினை நம் நாட்டுக்கு மட்டும் உரியது இல்லை. தமிழ்நாட்டில் துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, மாநில அரசா என்ற இழுபறி 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தியாவின் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பீடாதிபதி பதவி பெரும்பாலும் பேராசிரியர்களுக்குள் முறை வைத்துச் சுற்றி வரும். அமெரிக்காவில் தேடல் குழு போட்டு, வெளியூரிலிருந்தும் ஆள் எடுத்து, மேலிடம் நியமிக்கும். நம்முடைய முறையில் வாக்கு இருக்கிறது. அதனால் குழு சேர்வதும் இருக்கிறது: ஒரே பாடசாலையில் படித்தவர்கள், ஒரே ஊர், ஒரே இனம், ஒரே பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்தவர்கள். இருந்தாலும் நாங்கள் வாக்கின் பக்கம்தான். மூன்று வருடம் கழித்து அதே ஆட்களின் முகத்தைப் பார்த்து மறுபடி வாக்குக் கேட்க வேண்டும் என்ற பயம் ஒரு மனிதரைக் கொஞ்சமாவது நேராக வைத்திருக்கும்.

இப்போது மலையகத்துக்கு வருவோம். இவ்வளவும் எழுதியது இதற்காகத்தான்.

அந்தப் பீடச்சபை அறையில் யார் இருக்கிறார்கள்? இருபது வருடத்துக்கு முன் யார் விரிவுரையாளராகச் சேர்ந்தார்களோ அவர்கள். அதற்கு ஐந்தாறு வருடத்துக்கு முன் யார் முதல் வகுப்பில் சித்தியடைந்தார்களோ அவர்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். 1948இல் பிரஜாவுரிமை பறிபோன ஒரு சமூகத்தின் பிள்ளைகள், ஒரு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்த்துக்கொண்ட லயன் பாடசாலைகளிலிருந்து வந்தவர்கள், பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததே தாமதம். அந்தக் காலத்திலும் பேராசிரியர் சோ. சந்திரசேகரன் போன்றவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தில் பேராசிரியராகும் அளவுக்குப் போனார்கள். அவர்களுடைய பெயர்களைச் சொல்லித்தான் நாங்கள் வகுப்பில் பிள்ளைகளை உசுப்புகிறோம். ஆனால் விரல் விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்.

நுழைவதற்கு ஒதுக்கீடு உண்டு. பல கற்கைநெறிகளுக்குத் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 வீதம். நுவரெலியா அந்த 16இல் ஒன்று. உள்ளே போன பிறகு எந்த ஒதுக்கீடும் இல்லை. விரிவுரையாளர் ஆக மாவட்டக் கோட்டா கிடையாது, துறைத்தலைவர் ஆகக் கிடையாது, பீடாதிபதி ஆகக் கிடையவே கிடையாது. இருக்கவும் கூடாது என்பது எங்கள் எண்ணம். ஆனால் பாதை எவ்வளவு நீளம் என்று நம் வீடுகளுக்குத் தெரிய வேண்டும்: நல்ல வகுப்பில் பட்டம், தற்காலிக உதவி விரிவுரையாளர், தகுதிகாண் விரிவுரையாளர், முதுமாணி, கலாநிதி, சிரேஷ்ட விரிவுரையாளர், துறைத்தலைவர். அதற்குப் பிறகுதான் அந்தத் தேர்தல்.

இந்தப் பாதை நம்மிடம் எங்கே அறுகிறது தெரியுமா? இரண்டாவது படியில்.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளை. தாய் கொழுந்து பறிப்பவர், தகப்பன் இல்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு எடுத்தாள். துறையில் கூப்பிட்டுத் தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலை தந்தார்கள், ஒரு வருட ஒப்பந்தம். அதே நேரத்தில் பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் கோரினார்கள். வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. மாமா நேராக எங்களிடம் வந்தார்.

"சேர், பென்சனோட கவர்மென்ட் வேல. அத விட்டுப்புட்டு ஒரு வருச வேலைக்குப் போறேங்குது. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஒரு லயன் அறையில் ஆறு பேர். வங்கிக் கடன். தங்கச்சி அடுத்த வருடம் உயர்தரம். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நாங்கள் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, டீச்சர் வேலைக்கு இன்னொரு தடவையும் விண்ணப்பம் வரும். இது வராது. ரெண்டு வருசம் பொறுங்க." அவர் பதில் சொல்லவில்லை, டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். பிள்ளை போனாள். இப்போது இரண்டாவது ஒப்பந்தம். நிரந்தர வெற்றிடத்துக்கு ஒரு தடவை நேர்முகப் பரீட்சைக்குப் போய்க் கிடைக்கவில்லை. மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாள்.

மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் மேடை ஏறுகிறது. எங்களுக்கும் அந்த ஆசை உண்டு. பக்கத்திலேயே ஊவா வெல்லஸ்ஸ தேயிலைத் தொழில்நுட்பத்தையே பாடமாக வைத்தது, நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே படிப்பிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நாளைக்கே கொட்டகலையிலோ ஹட்டனிலோ ஒரு பல்கலைக்கழகம் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய பீடத்தில் வாக்களிக்க ஆள் இருக்காது, முதல் ஆட்களை மேலிருந்துதான் போடுவார்கள். யாரைப் போடுவார்கள்? தகுதியோடு கைவசம் இருக்கிறவர்களை. நம்மவர் இல்லையென்றால் வேறு இடத்திலிருந்து வருவார்கள், அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது.

ஒலுவிலைப் பாருங்கள். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. அஷ்ரப் அவர்களின் அரசியல் பலம் கட்டிடத்தையும் வர்த்தமானியையும் கொண்டுவந்தது உண்மை. ஆனால் வேறு பல்கலைக்கழகங்களில் ஏற்கனவே படிப்பித்துக்கொண்டிருந்த முஸ்லிம் விரிவுரையாளர்கள், யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களும் சேர்த்து, அங்கே போக இருந்தார்கள். முதல் உபவேந்தர் பேராசிரியர் எம்.எல்.ஏ. காதர் வானத்திலிருந்து இறங்கவில்லை. அமைச்சர் வர்த்தமானி அடிக்கலாம், பேராசிரியரை அடிக்க முடியாது.

"நம்ம ஆளைப் பீடாதிபதியாகப் போட வேண்டும்" என்று ஒரு அமைச்சரிடம் மனுக் கொடுக்கும் எண்ணம் சிலருக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். அமைச்சருக்கு அந்த அதிகாரம் இல்லை. இருந்தாலும் அப்படிப் போடப்பட்டவர் அந்த அறைக்குள் நுழையும்போது எத்தனை பேர் மரியாதையோடு எழுந்து நிற்பார்கள்? அந்த மனுவுக்கு அலையும் நேரத்தையும் பெற்றோல் காசையும் தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கும் ஐந்து பிள்ளைகளின் போடிங் வாடகைக்குக் கொடுத்தால், பதினைந்து வருடத்தில் ஐந்து வாக்கு அந்த அறைக்குள் இருக்கும். அதில் ஒன்று வேட்பாளராகவும் இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

பள்ளிவாசல் ஸகாத் குழுவில் இருப்பவர்களோடும், தோட்டத் தலைவர்கள் இரண்டு மூன்று பேரோடும் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம். ஒரு வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளின் வாடகை, அவ்வளவுதான் ஆரம்பம். இன மத பேதம் இல்லை. நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளை, பட்டம் முடித்துத் தற்காலிக விரிவுரையாளராக இருப்பவர், அல்லது முதுமாணிக்குப் பதிந்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பல்கலைக்கழகங்களில் ஏற்கனவே நிரந்தரமாக இருக்கும் நம் ஊர்க்காரர்கள், அடுத்த தவணை விடுமுறைக்கு வீடு வரும்போது ஒரு காலையை எங்கள் உயர்தர வகுப்புக்குத் தாருங்கள். விண்ணப்பம் எழுதுவது எப்படி, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், ஆய்வு மேற்பார்வையாளரை எப்படித் தேடுவது என்று பிள்ளைகளுக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் இருந்து கூட்டிவர நாங்கள் இருக்கிறோம்.